குழாயில் வந்த சூடு

கரண்டு போய் நாலு மணி நேரம் ஆகியும் குழாயில் வெந்நீர்தான் வந்துகொண்டிருந்தது.

சந்திரவல்லி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குரங்கணிக்கு மேலே, அந்த ஏலத்தோட்ட ஆபீசில், ஆடிச் சாரலுக்குப் பகல் இரண்டு மணிக்கே வெளிச்சம் மங்கிவிடும். விரல் விறைக்கிற குளிரில் வெந்நீர் வந்தால் யார் கேள்வி கேட்பார்கள்? முகம் கழுவினாள், கால் கழுவினாள், ஒரு வாளி பிடித்தும் வைத்துக்கொண்டாள்.

எண்பத்தாறில் மானேஜர் ராஜாராம் வாங்கிவந்த கம்ப்யூட்டருக்குள் காற்றாடி இருந்தது. ஏலக்காய்த் தூசியை உறிஞ்சி உறிஞ்சி மூன்றே மாதத்தில் அது மூச்சடைத்து நின்றது. காற்றாடியே வேண்டாம் என்று மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்தார். சூடாகிற பாகங்களின் மேல் செப்புத் தகடு, தகட்டை ஒட்டிச் சுருண்ட செப்புக் குழாய், அதற்குள் மலைச் சுனைத் தண்ணீர். சில்லென்று உள்ளே போய் வெதுவெதுப்பாக வெளியே வந்து ஆபீஸ் குழாயில் கொட்டும். சத்தமே கிடையாது. அந்த அமைதிதான் அதில் கணக்கு ஏற்றுகிற சந்திரவல்லிக்குப் பிடிக்கவில்லை. காற்றாடி ஓடியபோது அறையில் ஒரு துணை இருந்த மாதிரி இருந்தது.

சுனையிலிருந்து அரை மைலுக்கு இரும்புக் குழாய் போட்டவன் அவள் புருஷன் வீரணன். சுனை வாயில் சருகு அடைத்திருக்கிறது என்று காலையில் ஸ்பேனரோடு ஏறிப்போனான்.

"குழாயில ஒரு தட்டு தட்டுனா இங்க இருக்குற வால்வை மூடு. ரெண்டு தட்டுனா தொற. மாத்தித் தொலச்சிராத."

"நான் என்ன சின்னப்பிள்ளையா? வெரசா வந்து சேருங்க."

பதினோரு மணிக்குக் குழாய் டங்கென்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு டங். இரண்டு. வால்வை முழுக்கத் திறந்துவிட்டாள். அதற்கப்புறம் ஆளைக் காணோம். மானேஜரும் ஜீப்பில் போடிக்குப் போயிருந்தார்.

இப்போது அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் பெட்டி அணைந்து கிடக்கிறது, சூடு எங்கிருந்து வருகிறது? சுவரைத் துளைத்து உள்ளே நுழைகிற இரும்புக் குழாயைத் தொட்டாள். பெட்டிக்குப் போகும் முன்பே அது வெதுவெதுப்பாக இருந்தது.

மலையிலிருந்தே வருகிறது. அடுப்புச் சூடு இல்லை. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டால் உள்ளங்கையில் ஒட்டுமே, அந்தச் சூடு. தண்ணீரை ஏந்தி முகர்ந்தாள். பீடி வாசனை, பச்சை ஏலக்காய் வாசனை. அவன் சட்டையைத் துவைக்கும்போது வருகிற வாசனை.

டங்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தகரக் கூரையில் சாரல் கிசுகிசுத்தது. வெகுநேரம் கழித்து, சோர்ந்த கை தட்டுவதுபோல், டங்.

இரண்டா? இல்லை, ஒன்றா? மறுபடியும் ஒன்றா?

காலையிலும் இப்படித்தானே. மூடு. மூடு. அவன் உடம்புச் சூடு குழாய் வழியே வடிய வடிய, அத்தனை நேரமும் அவன் அதைத்தான் கெஞ்சியிருக்கிறான்.

தண்ணீர் ஆறிக்கொண்டே வந்தது. வால்வைப் பிடித்தாள். கை வழுக்கியது. "ஐயோ, என் சாமி" என்று அழுதுகொண்டே திருகினாள். கடைசியாக விழுந்த சொட்டு பனிக்கட்டியாகச் சுட்டது.

தட்டலும் நின்றது.

கதவு திறந்தது.

வீரணன். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். கையில் ஸ்பேனர். சுனையிலிருந்து இறங்கிவரக் கால் மணி நேரமாவது ஆகும்.

"எம்புட்டு நேரமாத் தட்டுறேன்," என்றான். "மூடச் சொல்லி."

அவள் மூச்சு குளிரில் புகையாகப் போனது. பேசிய அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

நேராக வாளியிடம் போனான். இரண்டு கையையும் முழங்கை வரை விட்டான்.

"ஆறிப்போச்சே."

நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கழுவிய முகம்.

"உங்கிட்ட இன்னும் இருக்கு, புள்ள."

இரண்டு கன்னங்களிலும் அவன் கைகள் பதிந்தன. அவள் வாயிலிருந்து போன புகை மெலிந்தது. இன்னும் மெலிந்தது. அவன் உதட்டில், மெல்ல, ஒரு புகை இழை எழுந்தது.