தழல் வகையின் முகம்

குணமானியின் திரையில் ‘நிழல் வகை’ என்று வந்ததும் ஷமீமா முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டாள். நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் நிழல்தான் வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ரோஸ்லின் தேவசகாயம். தொலைக்காட்சி விவாதங்களில் மந்திரிகளுக்கே தண்ணி காட்டிய அதே ரோஸ்லின். ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட அவர் பெயர் தெரியும், ஏனென்றால் பாடத்தில் இருக்கிறது. மனிதர்கள் பதினாறு வகை, ஒவ்வொரு வகைக்கும் ஊரறிந்த ஒருவர் முகம். தழல் வகையின் முகம் ரோஸ்லின். பயம் கிடையாது, வெடுக்கென்று பேச்சு, நாலு பேரை நடத்திக் கூட்டிப்போகும் குணம். நிழல் வகை அதற்கு நேர் எதிர். வாசலில் மணியடித்தால் உள்ளே போய் ஒளிந்துகொள்கிற கூட்டம்.

பதினெட்டு வயதில் எல்லோரும் இந்த நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். கேள்வி கேட்டு, பதிலையும் குரலையும் முகக்குறியையும் அந்தப் பதினாறு முகங்களோடு ஒப்பிட்டு, யாருக்கு நெருக்கமோ அந்த வகை என்று குணமானி சொல்லிவிடும். வேலை, வரன், வாடகை வீடு எல்லாம் அதன்படிதான். அரசாங்கக் கையெழுத்து போடும் அதிகாரம் தழலுக்கு மட்டும். பிரபலங்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. அவர்களுக்கு ஏது நேரம்? பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்தே குணமானி அவர்களை வகைப்படுத்திவிட்டது. அதற்குத் திரைவகை என்று பெயர்.

குழந்தை வளர்ப்புச் சட்டம் மட்டும் அந்தச் சலுகையை ஒத்துக்கொள்ளவில்லை. ரோஸ்லினின் தம்பியும் தம்பி மனைவியும் விபத்தில் போய்விட்டார்கள். அவர்களுடைய ஆறு வயது மகள் ரீனா காப்பகத்தில் இருந்தாள். அத்தை நேரில் வந்து உட்கார வேண்டும், வருடா வருடம் உட்கார வேண்டும். தனியாக வாழும் நிழல் வகைக்குக் குழந்தை கிடையாது.

“எங்கயோ தப்பு மேடம்,” என்றாள் ஷமீமா.

“தப்பில்லம்மா. இத்தனை வருஷத்துல என்னைச் சரியாப் பார்த்தது இந்த மெஷின் ஒண்ணுதான்.” ரோஸ்லினின் குரல் எதிர் நாற்காலிக்கே எட்டவில்லை. “கேள்வியெல்லாம் எழுதினது வேற ஆள். எப்ப குரலை ஏத்தணும், எப்ப மேசையைத் தட்டணும்னு காதுக்குள்ள ஒருத்தர் சொல்லிட்டே இருப்பார். நிகழ்ச்சிக்குப் போறதுக்கு முன்னாடி தினமும் வாந்தி எடுப்பேன். அதுக்குன்னே வண்டியில ஒரு கவர் வச்சிருப்பேன்.”

பதினெட்டு வயது வரைக்கும் ஷமீமா கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூடக் கூசியவள். ஆனால் ராத்திரி தவறாமல் ரோஸ்லினின் நிகழ்ச்சியைப் பார்ப்பாள், கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் அதே மாதிரி புருவத்தைத் தூக்கிப் பார்ப்பாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் பயத்தில் அந்தப் பேச்சுதான் வாயில் வந்தது. குணமானி தழல் என்றது. வீடே வாயைப் பிளந்தது. அன்றிலிருந்து அவளும் தழலாகவே நடந்துகொண்டாள், பிடிக்காத வரனை முகத்துக்கு நேரே வேண்டாம் என்றாள், இந்த நாற்காலிக்கே அதிகாரியாகவும் ஆனாள்.

“பழைய திரைவகையையே போட்டுடும்மா,” என்றார் ரோஸ்லின். “குழந்தை சாப்பிட மாட்டேங்குதாம்.”

போடலாம். விரல் அங்கேதான் போனது. ஆனால் அடுத்த வருடம் வேறொரு அதிகாரி இருப்பார், ரீனாவை மறுபடி பிடுங்கிக்கொண்டு போவார்கள். ஒரு தடவை பறிகொடுத்த பிள்ளை இரண்டாம் தடவை தாங்காது.

எடைக்கல்லே தப்பு என்றால் தராசை என்ன சொல்ல? அதைத்தான் ஷமீமா பதிவு செய்தாள். தழல் வகையின் முகம் தழல் இல்லை, அளவுகோல் செல்லாது. இப்படி ஒரு புகாரைத் தழல் அதிகாரிதான் கொடுக்க முடியும். கொடுத்த நிமிடமே தன் தழல் சான்றும் வேலையும் போகும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கையெழுத்துப் போட்டாள்.

குணமானி நேர்மையான இயந்திரம், முகதாட்சண்யம் தெரியாது. நாட்டிலுள்ள அத்தனை தழல் சான்றுகளையும் நிறுத்தி வைத்தது. தழல்கள் போட்ட, இன்னும் நடப்பில் இருந்த உத்தரவுகளும் கூடவே நின்றன. கலெக்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நீதிபதிகள் வீட்டுக்குப் போனார்கள். ரீனாவைக் காப்பகத்தில் வைத்த உத்தரவும் ஒரு தழலின் கையெழுத்துதான்.

மறுநாள் காலை இருவரும் காப்பக வாசலில் நின்றார்கள். மணியை அடிக்க ஷமீமா கையைத் தூக்கினாள், பாதியில் நின்றுவிட்டாள். இப்போது அவள் எந்த வகை என்று அவளுக்கே தெரியவில்லை. மணியை அடித்தது ரோஸ்லின். கதவைத் திறந்த அம்மாளிடம், “என் தம்பி பொண்ணு. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்,” என்றார். குரல் நடுங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை. காதில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாள் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றாள். “மேலிடத்துல இன்னைக்கு யாரும் இல்லம்மா,” என்றார் ரோஸ்லின், கதவை விட்டு நகராமல்.

ரயிலில் திரும்பும்போது ரீனா அத்தையின் மடியிலேயே தூங்கிவிட்டாள். எதிர் இருக்கையில் இருந்த ஷமீமாவின் கைப்பேசியில் குணமானிகளை நடத்தும் தலைமை வகையகத்திலிருந்து செய்தி வந்தது. தழல் வகைக்கு அவசரமாகப் புதிய முகம் வேண்டும். இந்த முறை ஒளிப்பதிவை நம்பப் போவதில்லை. நாற்காலியில் நேரில் உட்கார்ந்தவர்களில் பழைய முகத்தோடு மிக நெருக்கமாகப் பொருந்தியவர் யார் என்று குணமானியையே தேடச் சொன்னார்கள். நாடு முழுக்கத் தேடி அது ஒரே ஒரு பெயரைக் கொடுத்திருந்தது. ஷமீமா, திருச்சி. வேலையும் திரும்பக் கிடைக்கும். நாளை மறுநாள் முதல் பேட்டி, நேரலை.

அவள் அதை ரோஸ்லினிடம் காட்டினாள். ரோஸ்லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு குழந்தை எழுந்துவிடாமல் கைப்பையைத் துழாவி, மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“வண்டியில வச்சுக்கோம்மா,” என்றார்.