காக்கை ஆட்டத்துக்குப் பிறகு

அன்று மாலை ஐயம் ஏழு சதவீதத்தில் நின்றது.

தூத்துக்குடி அடிபந்து (பேஸ்பால்) திடலின் கிழக்குச் சுவரில் மூன்று மாடி உயரத்துக்கு அந்த ஒற்றை எண் பச்சையாக எரிந்தது. அதைப் பார்த்தபடியேதான் மக்கள் உள்ளே வந்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் தாடி வைத்திருந்தார்கள். தங்கள் அணி கோப்பையை வென்றதும் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டு, அதுவரை முகத்தில் கத்தி படக் கூடாது என்று இருந்தவர்கள் அவர்கள். இறுதித் தொடர் தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. எதிரணியின் ஊரான கோயம்புத்தூரில் சவரக் கடைக்காரர்கள் ஊர்வலமே போனதாகச் செய்தி வந்தது.

தூத்துக்குடியின் எறிவாளர் கஸ்பார், ஓய்வறையின் மூலையில் உட்கார்ந்து வலது தோளில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். தோளின் தசைநார் நூலாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. அது அறுந்தால் பிறகு அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாது. ஆனாலும் அவர் அணியை விட்டுப் போக முடியாது. தொடர் முடியும்வரை யாருமே போக முடியாது.

அந்த விதி வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. தென்னக அடிபந்து லீக் தொடங்கிய வருடம் இறுதிப் போட்டி ஒரே ஆட்டம்தான். நடுவில் மழை பெய்தது. மழை மட்டும் இல்லாவிட்டால் என்று தோற்ற அணி ஆரம்பித்தது. மறுவருடம் மூன்று ஆட்டங்கள் வைத்து, இரண்டில் வென்றவருக்குக் கோப்பை என்றார்கள். பிறகு ஒரு வருடம் முக்கியமான மட்டையாளர் ஒருவர் காய்ச்சலில் படுத்தார், மூன்று ஐந்தானது. அப்புறம் ஏழு. ஒவ்வொரு முறையும் கூடுதல் ஆட்டம் கேட்டவர்கள் தோற்றவர்கள்தான். வென்றவர்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கடைசியாக நடந்த ஏழு ஆட்டத் தொடரில் இரு அணிகளும் மூன்று மூன்று வென்றிருந்தன. ஏழாவது ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் கஸ்பார் எறிந்த பந்தைக் கோவைத் தலைவர் சென்னியப்பன் உயரத் தூக்கி அடித்தார். சாதாரணமாகப் பிடித்துவிடக்கூடிய பந்து. பிடிப்பவர் கீழே கையுறையோடு காத்து நின்றார். குறுக்கே பறந்த ஒரு காகத்தின் மேல் பந்து பட்டுத் திசை மாறி விழுந்தது. இரண்டு பேர் ஓடி ஓட்டம் எடுத்தார்கள். கோப்பை கோவைக்குப் போனது.

அன்று தொலைக்காட்சிக் கேமராவின் முன் அழுதபடி கஸ்பார் கேட்டார்: “எங்க இத்தன வருஷ உழைப்ப ஒரு காக்காவா முடிவு பண்ணணும்?”

அந்தக் கேள்வி சட்டைகளில் அச்சானது. சுவர்களில் ஏறியது. அதற்கு விடையாகத்தான் ஐயமானி வந்தது.

ஐயமானி ஓட்டங்களை எண்ணுவதில்லை. ஆட்டக்காரர்களின் தோளிலும் மணிக்கட்டிலும் கட்டிய பட்டைகள் வழியே தசை, நாடி, மூச்சு எல்லாவற்றையும் படித்து, எந்த அணி உண்மையிலேயே சிறந்தது என்று கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். எவ்வளவு தூரம் இன்னும் சந்தேகம் இருக்கிறது என்பதுதான் சுவரில் தெரியும் எண். அது ஒன்றுக்குக் கீழே இறங்கும் நாளில் தொடர் முடியும். அதுவரை ஆட்டம் உண்டு. மழையும் காய்ச்சலும் காகமும் இனி எதையும் தீர்மானிக்க முடியாது. ஊர் கொண்டாடியது. ஒரு கப்பல் நிறுவனம் இதே கருவியை வாங்கி, எழுத்தர் வேலை ஒன்றுக்கு இரண்டு பேரை மூன்று வருடமாக நேர்முகம் கண்டுகொண்டிருந்தது.

ஒரே ஒரு நிபந்தனை. அளக்கப்படும் அணி மாறக் கூடாது. ஓர் ஆள் மாறினாலும் அது வேறு அணி. ஐயம் மறுபடி ஐம்பதிலிருந்து தொடங்கும். அதனால் ஆட்டக்காரர்கள் திடலை ஒட்டிய விடுதியிலேயே தங்கினார்கள். ஒரே சாப்பாடு, ஒரே படுக்கை. இரண்டாம் வருடம் கோவை ஆட்டக்காரர் ஒருவர் மாரடைப்பில் இறந்தபோது ஐயம் நான்கில் இருந்தது. அவருடைய சாம்பலைக் கரைப்பதற்குள் அது ஐம்பதானது. அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களைவிடச் சண்டை பிடிக்க வந்தவர்கள் அதிகம். அவர் மனைவி ஊரைக் காலி செய்துகொண்டு போனார்.

கஸ்பாரின் மனைவி ரெஜினா ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு வந்து பார்ப்பாள். தொடர் தொடங்கிய பிறகு பிறந்த குழந்தை. போன வாரம் புறப்படும்போது ரெஜினா சொன்னாள்: “நீங்க ஜெயிச்சிட்டுத்தான் வரணும்னு யாரு அழுதா? தோத்துட்டாவது வீட்டுக்கு வந்து சேருங்க.”

அந்த வார்த்தை கஸ்பாருக்குள் ஒரு வாரமாகக் கிடந்தது. சுவரில் தெரிந்த ஏழு, கோவைதான் சிறந்த அணி என்பதில் மிச்சமிருந்த ஐயம். தூத்துக்குடி வரிசையாகத் தோற்றால் அது கரைந்துவிடும்.

பயிற்சி நேரத்தில் எல்லைக் கோட்டருகே சென்னியப்பன் தனியாக நின்று மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாடையில் நரை. கஸ்பார் பந்தைப் பொறுக்குகிறவர் போலக் குனிந்தபடி பக்கத்தில் போனார்.

“தோளு எப்படி இருக்குதுங்க கஸ்பாரு?”

“அது எப்பவோ செத்துட்டுவே. அடக்கந்தான் பாக்கி.”

சென்னியப்பன் சிரித்தார். “எம் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சுங்க. இப்படியே போனா கண்ணாலத்துக்கு நான் இந்த உடுப்போடதான் போயி நிக்கோணும். அதும் அனுமதி குடுத்தா.”

“இன்னைக்கு நடுவுல போடுதேன். மெதுவா. நீரு அடியும்.”

மட்டையைத் துடைத்த கை நின்றது. “என்ன சொல்றீங்க?”

“காது கேக்கலியா? தேங்கா மாதிரி வரும். உம்ம ஆளுவட்டயும் சொல்லிரும். நாலஞ்சு ஆட்டம் இப்படிப் போனா அந்தச் சனியன் ஒண்ணுக்குக் கீழ எறங்கிரும்லா.”

“உங்க ஊருக்காரங்க உங்கள விட்டுருவாங்களா?”

“விட மாட்டானுவ. ஆனா நான் வீட்டுல இருப்பேன்.”

சென்னியப்பன் வெகுநேரம் சுவரைப் பார்த்தார். “ஜெயிச்சோம்னு நான் எங்கியும் சொல்லிக்க மாட்டனுங்க. முடிஞ்சுதுன்னு சொல்லிக்கறேன்.”

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து நடுவில், மெதுவாக, சொன்னபடியே போனது. சென்னியப்பன் அடித்த அடியில் அது வேலிக்கு வெளியே விழுந்தது. அடுத்தவரும் அடித்தார். அதற்கடுத்தவரும். முதலில் கூட்டம் கத்தியது. பிறகு கெட்ட வார்த்தையில் திட்டியது. மூன்றாவது சுற்றில் சத்தம் அடங்கிப்போனது. அத்தனை தாடிக்காரர்களும் கஸ்பாரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்கள். கஸ்பாரும் திரும்பிப் பார்த்தார்.

ஏழு, ஒன்பதாகியிருந்தது.

அவருக்குப் புரியவில்லை. இன்னும் மெதுவாக எறிந்தார். பதினான்கு. அடுத்த பந்துக்கு இருபத்தாறு. ஆட்ட நடுவர் கையை உயர்த்துவதற்குள் பச்சை விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. ஐம்பது.

யாரோ ஒரு பெரியவர் இருக்கையிலிருந்து எழுந்து, தன் தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அதற்குப் பிறகுதான் முதல் கல் வந்தது.

காவலர்கள் கஸ்பாரை லீக் அலுவலகத்துக்குள் இழுத்துப் போய்க் கதவைப் பூட்டினார்கள். உள்ளே ஐயமானியை வடிவமைத்த மெய்யம்மை உட்கார்ந்திருந்தார். புள்ளியியல் படித்தவர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

“நீங்க தோத்தது தப்பில்ல கஸ்பார். எறிஞ்சது நீங்க இல்லங்கறதுதான் பிரச்சினை.”

“பின்ன எறிஞ்சது எவன்?”

“கருவிக்குத் தெரியாது. இத்தனை வருஷமா அது அளந்த ஆள் இல்ல. அந்தத் தோள் இப்படி எறியாது, அந்த நாடி இப்படித் துடிக்காது. அதனால புது ஆள்னு எடுத்துக்கிச்சு. ஆள் மாறினா ஐம்பது. விதி உங்களுக்கே தெரியும்.”

வெளியே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. கஸ்பார் இடது கையால் வலது தோளைப் பிடித்தபடி யோசித்தார்.

“மேடம், நான் ஒண்ணு கேக்கேன். வருஷா வருஷம் எங்களுக்கு வயசாவுதுல்லா? அப்போ மட்டும் நாங்க அதே ஆளா?”

“இல்ல,” என்றார் மெய்யம்மை. “பழைய ஆட்டங்களோட மதிப்பைக் கருவி கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டே வரும். அன்னைக்கு ஆடினவங்க இப்ப இல்லேங்கற கணக்குல.”

“எவ்வளவு வேகமா?”

“புது ஆட்டங்கள் ஐயத்தைக் குறைக்கிற அதே வேகம்தான். ஏறக்குறைய.”

“அப்போ இது முடியாது.”

“முடியாதுன்னு சொல்லிட முடியாது,” என்றார் மெய்யம்மை. “அதிலேயும் ஒரு ஐயம் இருக்கு.”

கஸ்பார் வழக்குப் போட்டார். ஒப்பந்தத்திலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது மட்டும்தான் கோரிக்கை. ஒப்பந்தத் தீர்ப்பாயத்தின் நீதிபதி ஆவுடைநாயகம் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற இருந்தார். இரக்கமுள்ளவர் என்று பெயர். அவரிடம் வழக்கு போனதே அதிர்ஷ்டம் என்று வழக்கறிஞர் சொன்னார். ரெஜினா மகளுக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தாள்.

மருத்துவர் சாட்சி சொன்னார். மெய்யம்மை சாட்சி சொன்னார். விடுதிக் கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்படுவதை ஒப்புக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்ட நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு கஸ்பாரைப் பார்த்தார்.

“போன வருஷமா இருந்தா நான் இன்னைக்கே உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.”

“இப்ப என்ன ஐயா?”

நீதிபதி தன் மேசையின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே கையடக்கப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் முகப்பில் சின்னதாக, பச்சையாக ஐம்பது என்று எரிந்தது. பெட்டியிலிருந்து போன மெல்லிய கம்பி அவருடைய மணிக்கட்டுப் பட்டையில் முடிந்தது.

“தைப் பொங்கலோட ஐயமானி எல்லாத் தீர்ப்பாயத்துக்கும் வந்திருச்சு. நீதிபதியோட தலைவலி, மனநிலை, வெயில், இதெல்லாம் தீர்ப்பைப் பாதிக்கக் கூடாதுன்னு ஜனங்க கேட்டாங்க. நியாயந்தானே. ஒன்றுக்குக் கீழே இறங்கினா நான் தீர்ப்புச் சொல்லலாம்.”

“அது வரைக்கும்?”

“வழக்கு நடக்கும். அதே வழக்கறிஞர்கள், அதே சாட்சிகள்.” மெய்யம்மை தலையை நிமிர்த்தினார். நீதிபதி அவர் பக்கம் திரும்பவில்லை. “அதே நீதிபதி. நேத்துதான் என் ஓய்வை ரத்து பண்ணி உத்தரவு வந்துச்சு. மனுதாரரும் மாறக் கூடாது. உங்களை வெளியே விட்டா, விடுதலை கேட்ட ஆள் நீங்க இல்லேன்னு ஆயிடும். அதனால நீங்க விடுதிக்குத்தான் திரும்பிப் போகணும்.”

ரெஜினா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திறந்திருந்த ஜன்னல் விளிம்பில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது. ஒரு தடவை கரைந்தது.

நீதிபதி எரிச்சலோடு கையை அசைத்தார். சேவகர் விரட்டப் போனார்.

“அது இருக்கட்டும் ஐயா,” என்றார் கஸ்பார்.

“எதுக்கு?”

“அது முடிவு பண்ணட்டும்.”

பின்வரிசையில் ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். நீதிபதி காகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். எண் ஐம்பதிலிருந்து ஐம்பத்தொன்றுக்கு ஏறியிருந்தது.

“ஜன்னலைச் சாத்துங்க,” என்றார்.