மறுக்கத் தெரியாத ஏவலி

அவ்வாண்டு மார்கழி தண்பொருநைக் கரையில் ஓசையின்றி இறங்கியது. கதிரவன் எழுந்தும் பனி எழவில்லை. மருத மரங்கள் இலைநுனிதோறும் நீர் சொட்ட நின்றன. கோயில் மணி ஒலித்தது. தெருவில் ஓர் அடியவரும் இல்லை. கூடித் தொழும் வழக்கம் ஒழிந்து பதினோராண்டு ஆகியிருந்தது.

கண்ணாடிச் சுவரருகே உமையாள் அமர்ந்திருந்தாள். அப்பால் அவள் கணவர் குழைக்காதர் இருமிக்கொண்டிருந்தார்.

கழுத்தெலும்பின் கீழ்ப் பதிக்கும் ஏவலி என்னும் சிறு கருவியை ஆக்கிய குழுவுக்கு அவளே தலைவி. கிருமியைக் கண்டதும் உடல் தானே எதிர்ப்பொருளைச் சுரந்துவிடுவதில்லை. குருதியிலுள்ள உதவி அணு ஒன்று வந்து, ஆராய்ந்து, இசைவு தரவேண்டும். அந்தத் தயக்கத்தைச் சோம்பல் என்று கணித்தது அவள் குழு. அதற்கு மாற்றாக ஏவலி நொடியில் இசைந்தது; ஊரே அதைப் பதித்துக்கொண்டது. நோய்கள் ஓடின, வேலையற்ற உதவி அணுக்கள் மெலிந்தன. இசைவை மறுப்பதும் அவற்றின் பெரும்பணி என்பது பிறகே விளங்கிற்று. ஏவலிக்கு மறுக்கத் தெரியவில்லை. அடுத்தவர் வியர்வையும் மூச்சும் உடலுக்குப் பகையாயின. தொட்டவர்க்குத் தொண்டை வீங்கி மூச்சடைத்தது.

ஐப்பசியில் ஒருநாள் குழைக்காதர், தம் ஏவலியை அணைத்துவிடும்படி கேட்டார். அணைத்தால் சிறு சளியே உயிரைக் குடிக்கும் என்று உமையாள் பலநாள் மன்றாடினாள். அவர் இளகவில்லை. முடிவில் இருவருடையதையும் அவளே அணைத்தாள். ஊறிய எதிர்ப்பொருள் பெரும்பாலும் கரைய ஒரு மண்டலம் ஆகும். சுவரின் இருபுறமும் காத்திருந்தார்கள். நாற்பதாம் நாள் அவருக்கு இருமல் தொடங்கிற்று. இன்று நாற்பத்தெட்டு.

"ஏங்க, இப்பவும் ஏவலிய உசுப்பிரலாம். ஒரு வாரத்துல இருமல் நின்னுரும்," என்றாள்.

"அப்புறம்?"

உசுப்பினால் இந்தச் சுவர் என்றென்றைக்கும்.

"ஒரு மண்டலம் விரதம் இருந்தவன வாசல்லயே திருப்பி அனுப்புதியாக்கும்," என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

உமையாள் கதவைத் திறந்தாள். பதினோராண்டுக்குப் பின் அவர் கையைப் பற்றினாள். கை கொதித்தது, இருவருக்கும் தொண்டை வீங்கவில்லை. நெடுநேரம் விடாமல் பற்றியிருந்தாள். பிறகு மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஐந்தெழுத்தை உள்ளுக்குள் ஓதி, அவர் நெற்றியில் திருநீறு இட்டாள். குனிந்து அவர் பாதம் தொட்டாள்.

இருமல் அடங்கும்வரை பொறுத்து, அவர் அவள் தலைமேல் கை வைத்தார்.

"தீர்க்க சுமங்கலியா இரு."