கடைசிக் கண்ணாடியில் ஆள் இல்லை

வந்தவர் உட்காருவதற்கு முன் சுவரில் தொங்கிய சின்னக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அது தன் முதுகுக்குப் பின்னால் போகும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கண்ணாடிக் கடை முதலாளி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட பெரியவர் இப்படிச் செய்தது பட்டாசுக்கு வேடிக்கையாக இருந்தது.

பட்டாசு என்பது தெரு வைத்த பெயர். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். அதில் பாதி புஸ்ஸென்று போய்விடும். அவள் வேலை பார்த்தது பொறுமையிடம். அதுவும் தெரு வைத்த பெயர்தான். முன்பு ஒரு சர்வர் மையத்தில் காலம் தள்ளியவர், இப்போது பிறர் சிக்கலை அவிழ்த்துப் பிழைப்பவர். டீயில் ஆடை கட்டிய பிறகுதான் கோப்பையைத் தொடுவார். இந்த இரண்டு பேரும் ஒரே அறையில் எப்படிக் குப்பை கொட்டுகிறார்கள் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

“என் தம்பி செத்துட்டான் சார்,” என்றார் வந்தவர். “ஆனா தினமும் எங்க கடையில வந்து நிக்கிறான்.”

வெளியே மழை வருவதற்கான இருட்டு கட்டியிருந்தது.

“கடைன்னா இன்டர்நெட் கடை,” என்று அவர் தொடர்ந்தார். தம்பிதான் அதற்கு ஆசைப்பட்டானாம். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி, உள்ளே பிரித்துப் பார்த்து, இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய கடை மென்பொருள் ஒன்றை, வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் நிறுவ ஆரம்பித்தான். பாதி வேலையில் குடோன் ஏணியிலிருந்து விழுந்து இறந்துபோனான். “நான் அன்னிக்கு வெளியூர். மறுநாள் திரும்பி வந்துதான் பாத்தேன்.”

தம்பி மனைவி விடவில்லை. அவர் ஆசைப்பட்ட கடையைத் திறந்தே தீருவேன் என்று, சர்வர் வேலை தெரிந்த ஒரு பெண்ணை அமர்த்தினாள். அந்தப் பெண் பழைய கடை மென்பொருளை வழித்துப் போட்டுவிட்டு அதைப் புதிதாக நிறுவினாள். கண்ணாடிகளை யார் நிழலும் விழாமல் மறுபடி படமெடுத்து ஏற்றினாள். விடிந்து பார்த்தால் அந்தக் கண்ணாடிகளுக்குள் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

“அழிச்சா மறுநாள் திரும்ப வர்றான். எல்லாம் அந்தப் பொண்ணு வேலை. படத்து மேல அவ பேரே இருக்கு. எங்கேருந்து எடுத்துப் போடறான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. சாயங்காலம் அவளைப் போலீஸ்ல ஒப்படைச்சுட்டு, சர்வரையும் சுத்தமாத் துடைச்சுடறேன். குடோன்ல எடுத்த அந்தப் படங்களைப் பாத்ததுலேருந்து கண்ணை மூட முடியல சார்.”

பொறுமை டீயைக் குடித்து முடித்தார். “வாங்க, போகலாம்,” என்றார்.

கடைக்குள் நுழைந்ததும் பட்டாசு தன் முகத்தை நாலு பக்கமும் பார்த்தாள். பெரிய கண்ணாடிகள் சுவரில் சாய்ந்து நின்றன. வெட்டாத தகடுகள் நடுவே காகிதம் வைத்து அடுக்கப்பட்டிருந்தன. அறுக்கும் மேசையில் மண்ணெண்ணெய் வாசனை. அவள் ஓரடி வைத்தால் ஓரத்தில் எங்கோ இன்னொருத்தியும் ஓரடி வைத்தாள். அது தான்தான் என்று தெரிந்தும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

உள்ளறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். தம்பி மனைவி ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மடிக்கணினிக்கு முன்னால் இருந்த சர்வர்க்காரப் பெண்ணுக்கு அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அவள் பிழைப்பில் பெயர் ஒருமுறை கெட்டால் போதும்; அப்புறம் ஒருவரும் தங்கள் சர்வர் சாவியை நம்பிக் கையில் கொடுக்கமாட்டார்கள்.

“நான் செய்யல சார். அக்காவே என்னைச் சந்தேகமாப் பாக்கறாங்க,” என்றாள்.

“முதல்ல கடையைக் காட்டும்மா,” என்றார் பொறுமை.

திரையில் கண்ணாடிகள் வரிசையாக விரிந்தன. முதல் கண்ணாடியில் ஒரு மனிதன் தூரத்தில் வெள்ளைத் துணி ஒன்றின் முன்னால் நின்றான். அடுத்ததில் கொஞ்சம் கிட்டே. அதற்கடுத்ததில் இன்னும் கிட்டே. பக்கத்தைக் கீழே தள்ளத் தள்ள, அவன் கண்ணாடிக்குக் கண்ணாடி தாண்டி நடந்து வந்தான். முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நேராகப் பட்டாசையே பார்த்தான். அவள் தன்னையறியாமல் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள்.

கடைசிக் கண்ணாடியில் அவன் இல்லை. வெள்ளைத் துணி மட்டும் தொங்கியது.

“கடையை நிறுவ வர்ற இன்ஸ்டால் ஃபோல்டரை அழிக்காம விட்டிருப்ப,” என்று பட்டாசு வெடித்தாள். “வெளியாளு எவனோ அது வழியா உள்ள வந்து, தானே முதலாளின்னு உக்காந்துட்டான்.”

“நிறுவி முடிச்ச உடனே அதைத்தாங்க முதல்ல அழிச்சேன்.”

பட்டாசு புஸ்ஸானாள். பொறுமை சிரிக்கவில்லை. “படங்கள் யார் பேர்ல இருக்கு?”

சர்வர்க்காரப் பெண் தயங்கித் தயங்கிக் கட்டளையைத் தட்டினாள். ஒவ்வொரு படத்துக்கும் நேராக, அதன் உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயரே இருந்தது. கடையின் பக்கம் வழியாக ஏற்றிய படம் என்றால் அங்கே வெப் சர்வரின் பெயர் விழும். ஓர் ஆளின் பெயர் விழுந்தால், சாவி உள்ளவர் பின்வாசல் வழியாக வைத்தது என்று அர்த்தம். இதைப் பொறுமை விளக்கியபோது பெரியவர் தலையைத் தலையை ஆட்டினார்.

“ஆனா தேதி?” என்றார் பொறுமை. “இவ இந்தக் கடைக்குள்ள கால் வைக்கறதுக்கு முந்தின தேதியா இருக்கே.”

“தேதியை மாத்த முடியாதா?” என்று கேட்டார் பெரியவர்.

“முடியும்,” என்றாள் அந்தப் பெண், தலையைக் குனிந்தபடி. தனக்கு எதிரான உண்மையையும் மறைக்காமல் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காகவே பட்டாசுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

“நீ வந்ததும் செஞ்ச முதல் வேலை என்ன?”

“பழைய ஆளோட கணக்கை நீக்கினேன் சார். செத்தவர் பேர்ல சாவி இருந்தா ஆபத்து. அதுக்கப்புறம் எனக்கு ஒரு கணக்கு போட்டுக்கிட்டேன்.”

“அந்த வரிசையிலதான் செஞ்சியா?”

“ஆமா சார்.”

பொறுமை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பள்ளிக்கூடத்துல வருகை எண் இருக்குல்ல? கடைசி எண் பையன் நின்னுட்டான். புதுசா வந்தவளுக்கு அதே எண்ணைக் குடுத்துட்டாங்க. பழைய விடைத்தாள்ல எண் மட்டும்தான் இருக்கு. அதை இப்ப எடுத்துப் பாத்தா யார் எழுதினதுன்னு சொல்லுவாங்க?”

“புதுசா வந்தவ,” என்றாள் பட்டாசு. இந்தத் தடவை புஸ்ஸாகவில்லை.

“லினக்ஸ் பேரை எழுதி வெக்கறதில்ல, எண்ணைத்தான் எழுதி வெக்குது. கேட்கும்போது அந்த எண் இப்ப யாருதுன்னு பாத்துச் சொல்லும். தம்பியோட எண் காலியாச்சு, அடுத்து வந்த இவளுக்குப் போச்சு. அவர் விட்டுட்டுப் போனது அத்தனையும் ஒரே நிமிஷத்துல இவ பேருக்கு மாறிடுச்சு. பேர் இவளுது, படம் அவருது.”

“அப்போ தினமும் வெக்கறது யாரு?” என்று கேட்டாள் தம்பி மனைவி.

“அந்த எண்ல இருக்கறதை எல்லாம் சர்வர் முழுக்கத் தேடும்மா. அப்படியே சர்வர் தானா செய்யற வேலைகளோட பொதுப் பட்டியலையும் திற. நீ உன் பட்டியலை மட்டும்தான் பாத்திருப்ப.”

அவள் பார்த்தாள். தம்பி எழுதிவைத்த ஒற்றை வரி அங்கே இருந்தது. கேமரா தானாக அனுப்பும் படங்கள் ஒரு ஃபோல்டரில் விழும்; தினமும் விடியலில் அவற்றை, உரிமையாளர் எண்ணும் தேதியும் மாறாமல், கடையின் ஃபோல்டருக்கு நகலெடு என்று அது சர்வருக்குச் சொன்னது. ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வரிசையாகப் போடும் எண்ணையே கண்ணாடியின் எண்ணாக அவன் வைத்திருந்ததால், அதே எண்களில் ஏற்றிய புதுப் படங்களின் மேலேயே பழையவை போய் உட்கார்ந்தன. நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் சர்வர் சொன்ன வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

தம்பி மனைவி வந்து அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்தாள். “உன்னைப் போய் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுடும்மா.” அந்தப் பெண் மறுபடி அழுதாள். இது வேறு அழுகை.

“ரொம்ப சந்தோஷம் சார்,” என்று பெரியவர் எழுந்தார். “எங்கேன்னு தெரிஞ்சுடுச்சுல்ல. அந்த ஃபோல்டரை இப்பவே அழிச்சுடும்மா.”

“கொஞ்சம் உக்காருங்க,” என்றார் பொறுமை. “கடைசிக் கண்ணாடியில ஆள் இல்லையே. அந்தப் படத்தை எடுத்தது யாரு?”

மழை வந்துவிட்டது. முன்பக்கக் கண்ணாடிகளில் தெருவின் சாம்பல் வெளிச்சம் அசைந்தது.

“கேமராவே எடுக்கும்,” என்றாள் தம்பி மனைவி. “இடைவெளி விட்டு விட்டு தானா எடுக்கற மாதிரி வெச்சுடுவாரு. நடுவுல கண்ணாடியை மாத்தி மாட்டுவாரு. வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்க, ஒத்திகைக்குத் தானே எதிர்ல நிப்பாரு.”

“எங்க வெச்சு எடுப்பாரு?”

“எப்பவும் முன்னாடி ஷோரூம்லதான். அன்னிக்கும் கேமரா அங்கதான் இருந்துச்சு. ஆனா உள்ள படம் பதியற கார்டு இல்ல. படமெடுத்து முடிச்சுட்டு, ஏதோ எடுக்க மாடிக் குடோனுக்குப் போனாருன்னு நினைச்சோம்.”

பொறுமை பெரியவர் பக்கம் திரும்பினார். “படத்துல தெரியறது வெள்ளைத் துணி. எந்த இடம்னு கண்டுபிடிக்கவே முடியாது. நீங்க என்கிட்ட ‘குடோன்ல எடுத்த படங்கள்’னு சொன்னீங்க. வெளியூர்ல இருந்தவருக்கு அது எப்படித் தெரியும்?”

“ஏதோ வாய் தவறி வந்திருக்கும்.”

“இருக்கலாம். கடை மென்பொருள் படத்தோட ஓரத்தை வெட்டிச் சதுரமாக் காட்டும். முழுப் படம் கேமரா ஃபோல்டர்ல இருக்கும். பாத்துடலாமே. கார்டை எடுத்துட்டுக் கேமராவைக் கீழே கொண்டுவந்து வெச்சவருக்கு, படமெல்லாம் அதுக்குள்ளயே சர்வருக்குப் போயிடுச்சுன்னு தெரியல. கண்ணாடிக்குள்ள தம்பி முகம் வந்தப்பதான் தெரிஞ்சிருக்கும். அதனாலதான் யாரு போடறாங்கறதை விட, எங்கேருந்து வருதுங்கறது அவருக்கு முக்கியமாப் போச்சு. தம்பியைப் பாத்து அவர் பயப்படல. அந்தக் கண்ணாடிகள்ல தன்னைத் தேடிக்கிட்டிருந்தாரு.”

சர்வர்க்காரப் பெண் கடைசிக் கண்ணாடியின் முழுப் படத்தைத் திறந்தாள். வெள்ளைத் துணியின் இரு பக்கமும் குடோனின் தூண்கள். ஓரத்தில் ஏணி. அதன் மேல், விளக்கைச் சரிசெய்யும் தம்பியின் கால்கள். கீழே, ஏணியை இரண்டு கையாலும் பிடித்தபடி பெரியவர்.

ஃபோல்டர் அதோடு முடியவில்லை. கடையில் இல்லாத கண்ணாடிகளுக்கான எண்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. மாட்டிய கண்ணாடியை மாற்ற ஆளில்லாமல் கேமரா எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

“நான் தள்ளல,” என்றார் பெரியவர். “கடையைப் பிரிச்சுக் குடுன்னு கேட்டான். மேல நின்னுக்கிட்டு, என்னைப் பாக்காமலே கேட்டான். ஆத்திரத்துல ஏணியைப் பிடிச்சு உலுக்கினேன். விழுந்துட்டான். பேச்சு மூச்சு இல்ல. உயிர் போயிடுச்சுன்னு நினைச்சேன். பயந்து ஓடிட்டேன். அப்புறம்தான் கேமரா ஞாபகம் வந்து திரும்பி வந்தேன். சத்தியமா அப்பவே போயிடுச்சுன்னுதான் நினைச்சேன்.”

பொறுமை தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் போலீஸை அழைத்தார்.

“அடுத்ததைப் போடு,” என்றாள் தம்பி மனைவி.

அடுத்த படத்தில் தரையில் கிடந்தவன் பக்கத்தில் அண்ணன் நின்றான். அதற்கடுத்ததில் அண்ணன் இல்லை. அதற்கடுத்ததில், மார்புக்கு அடியில் கிடந்த கை வெளியே வந்திருந்தது. இன்னும் ஒன்றில் முகம் படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. பட்டாசு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சர்வர்க்காரப் பெண்ணின் விரல் நின்றுவிட்டது. “நிறைய இருக்குக்கா. வேணாம். போலீஸ் பாத்துக்கட்டும்.”

“போடும்மா. அன்னிக்கு அவர்கூட யாரும் இல்ல.” தம்பி மனைவி இன்னொரு நாற்காலியை இழுத்துத் திரைக்கு எதிரில் போட்டாள். பிறகு வாசலைப் பார்த்து நின்ற பெரியவரிடம் சொன்னாள்.

“உக்காருங்க அத்தான். அவர் உயிரோட இருக்கற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது.”

பெரியவர் உட்கார்ந்தார். அந்தப் பெண் அடுத்த படத்தைப் போட்டாள்.