தொண்ணூற்றாறு பவுண்ட்

மருத்துவமனையின் நானூற்றுப் பன்னிரண்டாம் அறையில் கட்டில் காலியாக இருந்தது. ஆனால் படுத்திருப்பவரின் எடையைக் காட்ட அதன் கால்மாட்டில் இருந்த எடைத்திரை தொண்ணூற்றாறு பவுண்ட் என்று காட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை, காலை ஆறு ஐம்பது. டிசம்பர் இருட்டு இன்னும் ஜன்னலை விட்டுப் போகவில்லை. லக்சனா விரிப்பைத் தடவிப் பார்த்தாள். புதிதாக மாற்றிய விரிப்பு, சலவைச் சூடு ஆறாத துணி, கிருமிநாசினியின் கார நெடி, அதற்கடியில் யாரோ இப்போதுதான் தேய்த்துக்கொண்டு போனதுபோல் மெல்லிய கோடாலித் தைல வாசனை. வேறு எதுவும் இல்லை. திரையைப் பூஜ்ஜியமாக்கும் பொத்தானை அழுத்தினாள். பூஜ்ஜியம் வந்தது. கையை எடுப்பதற்குள் மறுபடியும் தொண்ணூற்றாறு.

இந்தக் கட்டிலில் இருந்த பத்மராணியின் எடை அது. வியாழக்கிழமை லக்சனாவே குறித்தது.

லக்சனா ஊர் ஊராகப் போகும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பதின்மூன்று வாரம் ஒரு மருத்துவமனை, அடுத்த பதின்மூன்று வாரம் வேறொன்று. படுத்துவிட்டவர்களை எழுப்பி உட்காரவைத்து, பல் துலக்க, சட்டை போட, கழிப்பறைக்குப் போகப் பழக்குவது வேலை. யாரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பலாம், யாரை அனுப்பக் கூடாது என்று எழுதுவதும் அவள்தான்.

பத்மராணிக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்திருந்தது. பக்கத்து ஊர் ஆலனில் தனி வீடு. ஒரே மகன் கஜன் விமானத்தில் போகும் தொலைவில், பிளசன்டனில். வியாழக்கிழமை லக்சனா தன் இடுப்பில் எப்போதும் கிடக்கும் துணிப் பெல்ட்டை அவிழ்த்து அவருக்குக் கட்டி, முதுகுப்பக்கம் நான்கு விரல்களைக் கீழிருந்து மேலாகக் கொடுத்துப் பிடித்து எழுப்பினாள். மூன்று முறையும் சரிந்தார்.

"நான் வந்து பிடிக்கிற வரைக்கும் எழும்பக் கூடாது அன்ரி. சரியோ?"

"நீ வராமல் நான் ஏன் எழும்பப் போறன் பிள்ளை? விழுந்தால் உன்ரை வேலையெல்லோ போயிடும்." கோடாலித் தைலம் மணக்கப் பத்மராணி பாதி வாயால் சிரித்தார்.

'தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது' என்று எழுதிவிட்டுத்தான் லக்சனா மூன்று நாள் விடுப்பில் போனாள்.

இப்போது கணினியில் பதிவைத் திறந்தாள். அவள் எழுதியது அங்கே இல்லை. 'தனியாக எழுகிறார். வீட்டுக்குப் போகலாம்.' கீழே அவள் பெயர். வெள்ளி, பிற்பகல் இரண்டேகால்.

வெள்ளி இரண்டேகாலுக்கு அவள் ஷ்யாமளாவின் சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஷ்யாமளா தெரபிப் பிரிவின் தலைவி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள். தன் வீட்டு மாடியறையைக் கொடுத்தவள். முதல் நாள் கணினிக்குள் நுழைய முடியாமல் திண்டாடியபோது பாஸ்வேர்டை அமைத்துக் கொடுத்ததும் அவள்தான். லக்சனா அதை மாற்றவில்லை. சோறு போடுகிறவளிடம் பூட்டு எதற்கு? வெள்ளிக்கிழமை ஷ்யாமளா எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். தட்டிக்கொண்டே, "உப்பு பாரு லக்ஸ்" என்றாள்.

வாசலில் காலடி. ஷ்யாமளா, கையில் காப்பிக் கோப்பை.

"அக்கா, பத்மராணி அன்ரி எங்கை?"

"வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். நேத்து பையன் போன் பண்ணி எடுக்கலைன்னு போலீஸை அனுப்பியிருக்கான்." ஒரு வாய் குடித்தாள். "கட்டில் ஓரத்துல உட்கார்ந்த மேனிக்கே போயிட்டாங்களாம். விழக்கூட இல்ல. போன் எட்டடி தள்ளி இருந்திருக்கு."

விழவில்லை. எழும்பவே இல்லை.

"அனுப்பக் கூடாதெண்டு எழுதினனான்."

"ரெக்கார்ட்ல அப்படி இல்லையே."

"நீங்கள்தானே அக்கா..."

"பெட் வேணும்னு மேலேருந்து உயிரை எடுக்கறாங்க. நீ ட்ராவலர்டி. மூணு வாரத்துல கிளம்பிடுவே. எனக்கு இங்கே வீடு இருக்கு, பசங்க இருக்காங்க."

"என்ரை லைசென்ஸ் அக்கா."

"சாயங்காலம் வீட்ல பேசலாம். வத்தக்குழம்பு வெச்சிருக்கேன்." கோப்பையை மேசையில் வைத்தாள். லக்சனாவின் தோளில் செல்லமாகத் தட்டினாள். போய்விட்டாள்.

லக்சனா நின்ற இடத்திலேயே நின்றாள். தாழ்வாரத்தில் உணவு வண்டியின் சக்கர ஓசை, பக்கத்து அறையில் யாரோ கபம் துப்பும் சத்தம், தலைக்கு மேல் வெப்பக்காற்றின் இரைச்சல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி, கடைசியில் தைல வாசனை மட்டும் மிஞ்சியது. மெத்தையின் ஓரம் குழிந்திருந்தது. தடவிப் பார்த்தபோது இல்லாத குழி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓர் ஆள் அகலம் நகர்ந்தது. பக்கத்தில் இடம் விட்டது.

திரும்பினாள். கதவு நான்கடி.

இடுப்பில் பெல்ட் இறுகியது.

முதுகில் நான்கு விரல்கள். கீழிருந்து மேலாக.

பின்னால் இழுத்தது. கட்டில் ஓரத்தில் மெல்ல உட்காரவைத்தது.

எழப் பார்த்தாள். வலக்கால் இல்லை. வலக்கை இல்லை. வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை.

கதவில் ஷ்யாமளா. மறந்துபோன கோப்பைக்காக வந்திருந்தாள். லக்சனாவைப் பார்த்தாள். கோணிய வாயைப் பார்த்தாள். தொங்கும் கையைப் பார்த்தாள். அது என்னவென்று இந்தத் தளத்தில் தரை துடைப்பவர்களுக்கும் தெரியும்.

கோப்பையை எடுத்துக்கொண்டாள். விளக்கை அணைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"சரியோ பிள்ளை?" காதோரம் தைல மணம். "ஆரும் வந்து பிடிக்கிற வரைக்கும் எழும்பக் கூடாது."

இருட்டில் எடைத்திரை மட்டும் எரிந்தது. லக்சனாவின் எடை நூற்றுப் பதினெட்டு.

திரையில் இருநூற்றுப் பதினான்கு.