குடல் உருவப்பட்ட டப்பா

டப்பா மேஜை மேல் மல்லாந்து கிடந்தது.

வயிறு திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை... அறுபட்ட ஒயர்களைத் தவிர.

வேதியியல் விரிவுரையாளர் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே... யாருண்ணே இதைத் தொட்டது?"

லேப் உதவியாளர் ஓடி வந்தார். எங்கே ஃப்யூஸ் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் மொத்தக் கட்டடத்துக்கும் அவர் ஃப்யூஸ் அண்ணன்.

"இப்பதான் மேடம் கதவைத் திறந்தேன். ஐயையோ... போர்டு, திரை, சென்சார், எல்லாத்தையும் உருவிட்டானுங்களே."

மணி ஒன்பதரை. பதினொன்றுக்குப் பாடத்திட்டக் குழு வருகிறது.

அவளே செய்த டப்பா அது: ஒரு எல்.இ.டி., ஒரு சென்சார், கணக்குப் போடத் தீப்பெட்டி அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. சாயத் தண்ணீரை உள்ளே வைத்தால் அடர்த்தி எவ்வளவு என்று திரையில் சொல்லிவிடும். இன்று வேலை செய்தால் இதே மாதிரி முப்பது டப்பா செய்ய அனுமதி. அறுபது மாணவர்களும் தொட்டுப் படிக்கலாம்.

செய்யாவிட்டால்?

பழையபடி அடர்த்தி அளக்க ஒரே ஒரு பெரிய மெஷின். அதுவும் ஓடினால்தான். ஒருவர் இயக்க, ஐம்பத்தொன்பது பேர் அவர் முதுகைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டு வருட உழைப்பு. எரிச்சலில் அவளுக்கு அழுகையே வந்தது.

"வேற போர்டு இல்லையா மேடம்?"

"வாங்கறதுக்குக் கையெழுத்து கேட்டு நாலு மாசமாச்சுண்ணே. ஃபைல் இன்னும் சார் மேஜையில தூங்குது."

அந்த சாரே வந்தார். துறைத் தலைவர். பெரிய மெஷினை வாங்க வைத்த புண்ணியவான்.

"அச்சச்சோ... சாவி யார்கிட்ட இருந்துச்சு?" பார்வை ஃப்யூஸ் அண்ணன் மேல்.

"என்கிட்ட சார். உங்ககிட்டயும் ஒண்ணு..."

"வாயை மூடுய்யா. விசாரணையில பேசிக்கலாம். மேடம், விடுங்க. குழுவுக்கு என் மெஷினைக் காட்டிக்கறேன். பொம்மையெல்லாம் காலேஜுக்குச் சரிப்படாது."

"அது மூணு வருஷமா ஓடலையே சார்?"

"நேத்து ரிப்பேர்காரன் வந்தான். ஓடுது."

பதினொன்று. பெரிய மெஷின் இருக்கும் ஏசி அறை. குழுவோடு அவளும் ஃப்யூஸ் அண்ணனும் நின்றார்கள்.

துறைத் தலைவர் சுவிட்சைத் தட்டினார். மெஷின் விழித்தது. திரையில் எழுத்துகள் வந்தன...

'கண்ணுங்களா, மூடியை மூடுங்க. கை ஈரமா இருந்தா துடைங்க.'



குழுத் தலைவி குனிந்து இன்னொரு முறை படித்தார். "இவ்வளவு பாசமா பேசற மெஷினை நான் பார்த்ததே இல்லை. யார் எழுதினது?"

"நான்தான்," என்றாள் விரிவுரையாளர். "பசங்க மூடியைத் திறந்து வச்சே அளப்பாங்க மேடம். வெளிச்சம் புகுந்து அளவு தப்பிடும். அதுக்காகப் போட்ட வரி. அண்ணே, ஸ்க்ரூ டிரைவர் குடுங்க."

பின்பலகை கழன்றது. மெஷின் வயிற்றுக்குள், ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிய நிலையில்... அவளுடைய போர்டு!

திருடத் தெரிந்தவருக்கு அதிலிருந்த புரோகிராமை அழிக்கத் தெரியவில்லை.

துறைத் தலைவருக்கு ஏசியிலும் வியர்த்தது. "எல்லாம் அந்த ரிப்பேர்காரன்தான் மேடம். நான் சும்மா... எடுத்துத்தான் குடுத்தேன்."

குழுத் தலைவி சாயத் தண்ணீரை வைத்தார். மூடியை மூடினார். அளவு பிசகாமல் வந்தது.

"செத்த மெஷினையே எழுப்பியிருக்கு. முப்பதும் செய்யுங்கம்மா. சார், நீங்க என்கூட ஆபீசுக்கு வாங்க. நிறைய எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும்."

"அப்ப இந்த மெஷின் மேடம்?" என்றாள் விரிவுரையாளர்.

ஃப்யூஸ் அண்ணன் முந்திக்கொண்டார்.

"லேப் கதவு காத்துல சும்மா சும்மா அடிச்சுக்குது. முட்டுக் குடுக்க நல்ல கனம் மேடம்."