இரண்டாம் அளவு

நாற்பத்தொன்றாம் பெட்டியிலிருந்த இடுப்பெலும்பு, கையில் எடுத்தபோது லேசாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு இதைவிடக் கனம். அந்தக் கனத்தை அவள் கை மறக்காது. அது அக்காவின் எலும்பு.

அந்த ஆய்வுக்கூடத்தில் எந்த எலும்பையும் இரண்டு முறை, வெவ்வேறு நாட்களில் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஆணா பெண்ணா, என்ன வயது என்று கையெழுத்திடலாம். அக்கா வேலை பார்த்த தொழிற்சாலையில் பிடித்த தீயில் முகமே தெரியாமல் வந்த அந்த உடலுக்கு மட்டும் அவள் ஒரே முறைதான் அளந்தாள். வராந்தாவில் அம்மா கதறிக்கொண்டிருந்தாள். எலும்பின் பின்புற வளைவு கட்டைவிரல் தாராளமாக ஆடும் அகலம்: பெண். முன்னால் இடது, வலது எலும்புகள் வந்து சேரும் இடத்தில் உழுத மண் போல வரிவரியாக மேடு: முப்பதுக்குள். அக்காதான் என்று எழுதிக் கொடுத்தாள். மற்றதை அடக்கம் செய்தார்கள். இடது இடுப்பெலும்பு மட்டும் ஆய்வுக்கென்று இங்கே தங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை, பசியும் சரியாக வரவில்லை. "நீ நல்லா பாத்தல்ல?" என்று அம்மா தினமும் கேட்பாள். "பாத்தேம்மா" என்பாள்.

"இரண்டாவது அளவு இல்லாத பெட்டி இது ஒண்ணுதாம்மா. தணிக்கைக்கு வர்றாங்க" என்றார் பதிவேடு பார்க்கும் பெரியவர், கதவருகே நின்று. "அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை நுழையாது. பொறுமையா எடு."

அவர் போனதும் மின்விசிறியின் கிறீச்சும், பெட்டி அட்டையின் ஈர வாசனையும், மேசையில் நகரும் பிற்பகல் வெயிலும்தான் மிச்சம். வளைவில் கட்டைவிரலை வைத்தாள். தாராளமாக ஆடியது. பெண்தான். எலும்பைத் திருப்பி, முன்பக்கத்தை விளக்கின் கீழே பிடித்தாள்.

வரிகள் இல்லை.

வழவழப்பு. ஓரம் முழுக்க உதடு போல மடிந்த விளிம்பு. நாற்பதுக்கு மேல் என்று எழுதினாள். செத்த எலும்புக்கு வயதாகாது. அதைப் பயிற்சிக்கு வருபவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள். பெட்டி எண்ணைப் பார்த்தாள். சரிதான். தீ தொட்ட கறுப்புத் தழும்பும் அதே இடத்தில்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். வழவழப்பில் இப்போது பொடிப்பொடியாய்த் துளைகள். அறுபது. விளிம்பு உதிர்ந்தது. எழுபது. எழுதினாள். அடித்தாள். எழுதினாள். எலும்பு இன்னும் லேசானது. அளவில் பிழை எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

உள்ளங்கையில் இளஞ்சூடு.

கைப்பேசி அடித்தது. அம்மா.

"யாரோ ஒரு கிழவி வந்து நிக்கிறாடி. என்னைவிட வயசானவ. உடம்பெல்லாம் தீக்காயத் தழும்பு."

அவள் எலும்பின் கறுப்புத் தழும்பைப் பார்த்தாள்.

"என்னைப் போய் அம்மான்னு கூப்பிடுறா. இடது காலு ஊனவே முடியல, இடுப்போட தொங்குது. சுவத்தப் புடிச்சு புடிச்சு உள்ள வர்றா." அம்மாவின் குரல் தணிந்தது. "அன்னைக்கு நீ நல்லா பாத்தல்ல?"

கைப்பேசிக்குள் ஒரு கால் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அவள் கையில், ஒவ்வொரு இழுப்புக்கும், எலும்பு அசைந்தது.